பன்னிரண்டு வரிப் பட்டியல்

நல்லகாமன் ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பத்தரை. வைகாசி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. எதிரே யானைமலை வெந்து வெளுத்துக் கிடந்தது. மேலூர்ப் பக்கமிருந்து கல் லாரி ஒன்று வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். லாரி கடந்து புழுதி அடங்கிய பிறகுதான் திறந்தார். இதே ரோட்டில், இதே மாதிரி ஒரு லாரியில், போன கார்த்திகையில் அவருடைய மகள் மீனா அடிபட்டுச் செத்தாள்.

மடியில் ஒரு தபால் கார்டு இருந்தது. மீனா வேலை பார்த்த காலேஜின் கம்ப்யூட்டர் லேபிலிருந்து சந்தானம் என்பவர் எழுதியது. மீனா உட்கார்ந்த கம்ப்யூட்டரைச் சனிக்கிழமை சாயங்காலம் துடைத்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள், அவள் எழுதி வைத்தது ஏதாவது வேண்டுமென்றால் அதற்குள் வரவும் என்று இருந்தது. டீக்கடை ஜெயக்கொடி வாசித்துக் காட்டினான். நல்லகாமன் நம்பவில்லை. அதே கார்டைத் தபால்காரரிடம் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மாதிரி வாசித்த பிறகுதான் உசிலம்பட்டி போய் அங்கிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினார்.

அவர் படித்தது மூணாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டுவார். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு எறும்பு ஊர்ந்த தடம். நிலத்துப் பத்திரத்தைத் தாலுகா ஆபீசில் வாய்ச்சொல்லை நம்பி, ரசீது வாங்காமல் கொடுத்துவிட்டு, "நீ குடுக்கவே இல்லையேப்பா" என்று கேட்டுத் திரும்பி வந்தவர். அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் ஒரே பேச்சுத்தான்: எழுதிக் குடு.

பெற்ற மகளையும் அவர் அப்படித்தான் நம்பாமல் வைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பில் மீனா ராத்திரி உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்க, நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் ஊரில் படித்தவனிடம் காட்டினார். காதல் கடுதாசி என்று நினைத்தார். மழைநீர் சேமிப்பு பற்றிய கட்டுரை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் வாங்கிப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவர் இருக்கும் இடத்தில் எழுதவே இல்லை.

படிப்பு முடிந்து அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள். வேலைக்குப் போனாள். அவர் பேச்சை நிறுத்தினார். ஒரு வருஷம் நாலு மாசம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெயக்கொடி கடைக்கு போன் வரும். தாய்க்காரி சின்னத்தாய் ஓடுவாள். நல்லகாமனும் போவார். காது கேட்கிற தூரத்தில், ரோட்டைப் பார்த்தபடி நிற்பார். "அய்யா நிக்கிறாகளா?" என்று அவள் கேட்பது வெளியே வரைக்கும் கேட்கும். ஒரு நாளும் அவர் ரிசீவரைக் கையில் வாங்கவில்லை.

கடைசி போனில் சொன்னாளாம்: "அய்யாவுக்கு ஒரு கடுதாசி எழுதிக்கிட்டிருக்கேன்மா, கம்ப்யூட்டர்ல. முடிஞ்சதும் அச்சடிச்சு அனுப்புறேன்."

மூன்றாம் நாள் செத்தாள்.

அந்தக் கடுதாசிக்காகத்தான் இவ்வளவு தூரம். காலையில் கிளம்பும்போது சின்னத்தாய் சொன்னது ஒரே வார்த்தை. கார்த்திகைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"அது இல்லாம வராதீக."

லேப் காலேஜின் பின்பக்கம் இருந்தது. சந்தானம் வாசலிலேயே நின்றார். ஐம்பது வயது, நெற்றியில் மெல்லிய ஒற்றை நாமம், சௌராஷ்டிரக்காரர். மஹால் பக்கத்திலிருந்து வருகிறவராம்.

"வாங்க பெரியவரே. மோர் கொண்டாரச் சொல்லவா?"

"மோர் குடிக்கவா நாலு பஸ்ஸு மாறி வந்தேன்."

உள்ளே போனதும் முதலில் தாக்கியது குளிர். ஜன்னல்களெல்லாம் சாத்தி, கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. வெளியே அந்த வெயில் இருக்கிறது என்பதே மறந்துபோகும். இந்தக் குளிர் அவருக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரியில் மகளை அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது பிடரியில் ஏறிய அதே குளிர்.

அடுத்து வந்தது வாசனை.

மரிக்கொழுந்து.

மீனா பூ வைக்க மாட்டாள். மரிக்கொழுந்தில் ஒரு கிள்ளுதான். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படி.

"இங்க பொம்பளப்பிள்ளைக யாரும் இருக்காகளா?"

"காலேஜ் லீவு பெரியவரே. நீங்களும் நானும்தான்." சந்தானம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல."

மூலையில் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர். அதன் முன்னால் பச்சை ரெக்சின் நாற்காலி. சந்தானம் அதில் உட்காரவில்லை. ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு, பக்கத்து மேஜையில் இருந்த ஆறாம் நம்பரைத் திறந்தார். அங்கேயிருந்தே ஏழுக்குள் போகலாம் என்றார்.

"ஏன், அந்த நாற்காலிக்கு என்ன?"

"தொட்டுப் பாருங்க."

நல்லகாமன் உள்ளங்கையை வைத்தார். அறை முழுக்க ஐஸ். ரெக்சின் மட்டும் இளஞ்சூடாக இருந்தது, ஆள் எழுந்து போன சூடு. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். வித்தை காட்டுகிறான் என்று நினைத்தார். நாற்காலிக்கு அடியில் குனிந்தும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"சரி. கடுதாசியை எடு."

"இவ்வளவு நாளா நான் தேடல பெரியவரே. பொம்பளப்பிள்ளை எழுதினதைத் தோண்டிப் பாக்க மனசு வரல. பெத்தவுக முன்னாடிதான் தேடணும்னு வச்சிருந்தேன்." கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விழத் தொடங்கின. "இது லினக்ஸ். உள்ள ஆயிரக்கணக்கான ஃபைல் கிடக்கு. மீனா பேர்ல உள்ளதை மட்டும் தேடச் சொல்றேன்."

"தேடி?"

"திரையில காட்டும்."

"காட்டி?"

"மேல ஓடிப் போயிரும்."

"அது ஆகாது. எழுதிக் குடுக்கச் சொல்லு."

சந்தானம் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். "அதுக்கும் வழி இருக்கு. கட்டளைக்குக் கடைசில ஒரு அம்புக்குறி, அதுக்குப் பின்னால ஒரு பேரு. அவ்வளவுதான். கண்டுபிடிச்சதை எல்லாம் திரையில விடாம, அந்தப் பேர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைலா எழுதி வச்சிரும்."

"ஒண்ணு விடாம எழுதுமா?"

"எழுதும்."

"காசு கேக்காதா?"

"கேக்காது."

"அப்பச் சரி."

"ஒரு விஷயம் மட்டும் கவனமா இருக்கணும்," சந்தானம் பசங்களுக்குச் சொல்கிற பழக்கத்தில் சொல்லிக்கொண்டே போனார். "ஒத்தை அம்பு போட்டா, அந்தப் பேர்ல ஏற்கெனவே இருக்கிறதைத் துடைச்சிட்டுப் புதுசா எழுதும். ரெட்டை அம்பு போட்டாத்தான் இருக்கிறதுக்குக் கீழ சேத்து எழுதும்."

தேடல் ஓடியது. கம்ப்யூட்டருக்குள் ஏதோ கரகரவென்று சுரண்டியது. பிறகு பட்டியலைத் திறந்து காட்டினார். நல்லகாமன் கண்ணாடித் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினார். பதினொன்று.

சந்தானம் பதினொன்றையும் திறந்து பார்த்தார். டைம் டேபிள். மார்க் பட்டியல். லீவு விண்ணப்பம். பசங்களின் பாடக் கணக்கு. கடுதாசி இல்லை.

"இல்ல பெரியவரே."

"இன்னொருக்காத் தேடு."

"மெசின் ஒரு தடவை இல்லைன்னா—"

"ஒரு தடவை இல்லைன்னு சொல்றவன்கிட்ட ரெண்டாந்தடவை கேக்கணும். தேடு."

மறுபடியும் கரகரப்பு. மறுபடியும் பட்டியல். மறுபடியும் விரலை வைத்து எண்ணினார்.

பன்னிரண்டு.

"ஒண்ணு கூடியிருக்கு," என்றார் நல்லகாமன்.

சந்தானம் குனிந்தார். கடைசி வரியில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"கம்ப்யூட்டருக்குள்ள மீனாவுக்குன்னு ஒதுக்கின இடத்துல ஒரு ஃபைல். பேரு அய்யா."

"திற."

"திறந்து பாக்க ஒண்ணும் இல்ல. அளவு சைபர். வெறுந்தாள்." விரலை வரியின் ஓரத்துக்கு நகர்த்தினார். "உண்டான நேரம் பதினொண்ணு முப்பத்தெட்டு."

"என்னைக்கு?"

"இன்னைக்கு. இப்ப."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

ஏ.சி. ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. சந்தானம் மறுபடி தேடலைத் தட்டினார், நல்லகாமன் கேட்காமலேயே. அதே பன்னிரண்டு வரி. ஆனால் கடைசி வரிக்கு நேரே இப்போது சைபர் இல்லை. பதினாலு.

மறுபடி. முப்பத்தொன்று.

மறுபடி. ஐம்பத்தேழு.

"இது என்னப்பா ஏறுது?" நல்லகாமனின் குரல் இறங்கிவிட்டது.

"எழுத்து. எத்தனை எழுத்து இருக்குனு." சந்தானமும் கிசுகிசுத்தார். "எழுதி முடிச்சு சேமிச்சாத்தான் இந்த நம்பர் மாறும் பெரியவரே. இது எழுத எழுத ஏறுது."

ஏழாம் நம்பர் பக்கம் யாரும் இல்லை.

கீபோர்டின் மேல் தூசு படிந்திருந்தது.

நடுவில் சில கட்டைகளில் மட்டும் தூசு இல்லை.

நல்லகாமனுக்கு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வாசல் பத்து எட்டுத்தான். வீட்டுக்குப் போய் அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். சந்தானத்தின் விரல் எதையோ தட்டப் போனது.

"என்ன செய்யிற?"

"என்ன எழுதியிருக்குனு திறந்து—"

"எழுதிக்கிட்டிருக்கப்ப எட்டிப் பாக்காத." அவர் சந்தானத்தின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அவளுக்கு அது பிடிக்காது. முடிக்கட்டும். உக்காந்திருப்போம்."

இன்னொரு ஸ்டூலை இழுத்து, பச்சை நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, முகத்தை ரோட்டைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போன் வந்தபோது கடைக்கு வெளியே நின்ற அதே திருப்பல். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் சரியில்லை என்று பட்டது. திரும்பி, நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார்.

சந்தானம் எண்ணை மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானூற்றுப் பத்து. அறுநூற்று எழுபது. நடுவில் நின்றது. வாசனை நெருங்கியது. மறுபடி ஏறியது. ஆயிரத்து இருநூறு.

நல்லகாமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு மாசமாக அழாத மனுஷன். பொணத்தின் முன்னால்கூட நின்றபடியேதான் நின்றார்.

"ஆத்தா," என்றார் நாற்காலியிடம். "போன்ல நீ பேசுறது எனக்குக் கேக்கும். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

எண் நின்றது.

வெகு நேரம் நின்றது.

பிறகு படபடவென்று ஏறியது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. லீவு நாள், சொல்லாமலே நிறுத்துவார்கள். ஏ.சி. முனகல் அறுந்தது. குழல்விளக்கு அணைந்து, இரண்டு திரைகளின் வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. மூலையில் யூ.பி.எஸ். பெட்டி கீச்சிட ஆரம்பித்தது.

"ஏழெட்டு நிமிஷம் தாங்கும்," சந்தானம் எழுந்துவிட்டார். "ரெண்டாயிரத்து நூத்து நாப்பது. நின்னிருச்சு. ஏறல. முடிச்சிட்டா போல பெரியவரே. அச்சடிச்சிரலாம்."

"பட்டியலும் வேணும்."

"பட்டியல் எதுக்கு இப்ப?"

"அவ பேர்ல இம்புட்டு இருந்துச்சுன்னு கைல வேணும். அவ அம்மாகிட்டக் காட்டணும். ரெண்டையும் ஒரே தாள்ல சேத்துக் குடு. தனித்தனியாக் குடுத்தா ஒண்ணு காணாமப் போகும். எனக்குத் தெரியும்."

"பெரியவரே, நேரம் இல்ல."

"ஒரே தாள்ல."

கீச்சுச் சத்தம் நெருக்கமானது. சந்தானம் கட்டைகள் மேல் குனிந்தார். கடுதாசிக்குக் கீழே பட்டியலைச் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். தேடு என்று தட்டினார். மீனா பேர் தட்டினார். அம்பு போட்டார். அய்யா என்று தட்டினார். பெரிய கட்டையை அமுக்கினார்.

அமுக்கிய பிறகுதான் திரையைப் பார்த்தார்.

ஒத்தை அம்பு.

அவர் வாயிலிருந்து வந்தது தமிழ் இல்லை. அவர்கள் வீட்டுப் பேச்சில் ஏதோ ஒரு வார்த்தை, தாயைக் கூப்பிடுகிற மாதிரி.

"என்ன ஆச்சு?"

சந்தானம் அச்சுக்குக் கொடுத்தார், ஏதாவது மிஞ்சியிருக்கும் என்ற ஆசையில். ஊசி பிரிண்டர் கிர்ரென்று இழுத்தது. ஒரு வரி. இரண்டு வரி. நல்லகாமன் கூடவே எண்ணினார். பன்னிரண்டாவது வரியோடு நின்றது. கீழே தாள் வெள்ளையாக இருந்தது.

"இது பட்டியல். கடுதாசி எங்க?"

"துடைச்சிட்டேன் பெரியவரே," என்றார் சந்தானம். "அவ எழுதினது மேல பட்டியலை எழுதிட்டேன்."

யூ.பி.எஸ். ஒரு நீளக் கூவல் கூவி அடங்கியது. திரைகள் அவிந்தன. கறுப்புத்தாள் ஒட்டிய அறையில் நடுப்பகலில் கும்மிருட்டு.

இருட்டில், பச்சை நாற்காலி பக்கம், யாரோ நாக்கைத் தட்டினார்கள்.

"ச்சு."

கோலத்தில் ஒரு இழை தப்பினால் மீனா தட்டுவது. தோசை கருகினால் தட்டுவது. கோபம் இல்லை, அலுப்புத்தான். மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமே என்கிற அலுப்பு.

"நான் இல்ல," என்று கிசுகிசுத்தார் சந்தானம்.

"தெரியும்."

நல்லகாமன் தடவித் தடவிப் பிரிண்டரிடம் போய்த் தாளைக் கிழித்தார். நாலாக மடித்து மடியில் செருகினார். சந்தானம் விசும்புவது கேட்டது. ஏசலாம் என்று வாயைத் திறந்தார். ஒரே தாளில் கேட்டது யார் என்று நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் வெயில் அடித்தது. நிலையில் கை வைத்து நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"வாரேன்த்தா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எழவு வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். சொன்னால் போனவர்களோடு கணக்கு முடியாது, தொடரும் என்பது அவர் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கார்த்திகையில் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் வந்தவர்தான்.

சந்தானமும் கேட்டுவிட்டார்.

"அப்படிச் சொல்லக் கூடாதுங்களே பெரியவரே."

"தெரிஞ்சவன்தான்."

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். சின்னத்தாய் அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். தாளை நீட்டினார். அவளுக்கு எழுத்தே தெரியாது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதுதானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை.

"இல்ல," என்றார். "இது அவ எழுதி வச்சதுக்குப் பட்டியல். கடுதாசி அழிஞ்சு போச்சு. என்னாலதான் அழிஞ்சுச்சு."

அவள் அவரை ஏசவில்லை. தாளை மரப்பெட்டியில், மீனாவின் பள்ளிக்கூடச் சட்டைக்கு மேல் வைத்து மூடினாள். அன்றிரவு இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போன் வருகிற நேரத்துக்கு நல்லகாமனுக்குக் கால் தன்னால் டீக்கடைப் பக்கம் போனது. போன் அடிக்கவில்லை. "யாரு அடிப்பாகன்னு வந்து நிக்கிறீக சித்தப்பா?" என்றான் ஜெயக்கொடி. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். மூடியைத் தூக்கியதும் மரிக்கொழுந்து.

தாளை எடுத்து வெளிச்சத்தில் பிரித்தார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் விரலை வைத்து எண்ணினார்.

பதிமூன்று.

நம்பவில்லை. கீழிருந்து மேலே எண்ணினார். பதிமூன்று. அச்சடித்தபோது கூடவே நின்று எண்ணியவர் அவர். பன்னிரண்டாவது வரியோடு பிரிண்டர் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்.

அடுத்த ஞாயிறு பதினைந்து.

ஆடி பிறந்தபோது தாளின் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. பிரிண்டர் புள்ளி புள்ளியாகப் போட்ட அதே சாயல். ஜெயக்கொடியிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் வாசித்துவிடுவான். தபால்காரரும் தினம் அதே வழியாகத்தான் போகிறார். நல்லகாமன் யாரிடமும் கொடுக்கவில்லை. சின்னத்தாய் ஒரு தடவை கேட்டாள், என்னதான் எழுதியிருக்கு, யாரையாச்சும் வாசிக்கச் சொல்லுவமா என்று.

"எழுதிக்கிட்டிருக்கப்ப பாக்க வேண்டாம்," என்றார். "முடிக்கட்டும்."

சின்னத்தாய் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். கடைசி வரியை விரலால் மெல்லத் தடவினாள். தடவிய விரலைத் தூக்கி அவரிடம் காட்டினாள்.

விரல் நுனி கறுப்பாக இருந்தது. மை இன்னும் காயவில்லை.